வேலை கொடுத்தால் இறங்குகிற சார்ஜ்

ஃபர்ஹீன் வீடு வரைகிறவள். இன்னும் கட்டாத வீட்டை, கட்டி முடித்துப் பெயிண்ட் அடித்து வாசலில் காரும் நிறுத்தியது போலக் கம்ப்யூட்டரில் காட்டிவிடுவாள். கிள்ளைப் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் மாடி வீடுகளில் நாலைந்துக்கு முகப்பு அவள் போட்டதுதான். கடலூர்க்காரி, சிவில் படித்தவள். ரிஸ்வானைக் கட்டிக்கொண்டு சிதம்பரத்தில் என் பக்கத்து வீட்டுக்கு வந்தாள். வந்த புதிதில் அவள் சிரிப்பு என் சமையல்கட்டு வரைக்கும் கேட்கும். "ஏம்மா, கொஞ்சம் வால்யூமக் கொறைக்கக்கூடாதா" என்று நானே சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்தியிருக்கிறேன்.

ரிஸ்வான் கடலூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தான். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்புவான். போன மாதம் ஒருநாள் ஆபீஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவனைக் கொண்டுவந்தார்கள். அவன் பையையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை ஃபர்ஹீன் பீரோ மேல் வைத்தாள், யாரையும் தொடவிடவில்லை.

இப்போது இத்தாவில் இருக்கிறாள், புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற காலம். அது முடிகிற வரைக்கும் அவள் வாசல் தாண்ட மாட்டாள், வெளி ஆண்கள் உள்ளே வர மாட்டார்கள். அழுதாளா என்றால் இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள். முகம் மட்டும் மரத்துப்போயிருக்கும். வாய் திறந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும்.

"வேல தொடர்ந்து வந்தா இங்கயே இரு. இல்லன்னா இத்தா முடிஞ்சதும் கடலூருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று அவள் அண்ணன் சேக் பரீது சொல்லிவிட்டார். அவளுக்கு வேலை கொடுக்கிற என்ஜினியர் தில்லைநாதன் ஒரு வீட்டு பிளானை அனுப்பி, முகப்புப் படம் வெள்ளிக்கிழமை பூமி பூஜைக்குள் வேண்டும் என்றார். முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாராம்.

லேப்டாப் அந்த நேரம் பார்த்துத்தான் காலை வாரியது. சும்மா திறந்து வைத்தால் சார்ஜ் நன்றாக ஏறும். படத்தை முடித்து எடுக்கிற கடைசி வேலையைக் கொடுத்தால் போதும், உள்ளே ஃபேன் கத்தும், ஒயர் மாட்டியிருக்கும்போதே சார்ஜ் இறங்கி இறங்கி அணைந்துவிடும். வேறு பிளக்கில் போட்டோம். சூட்டினால் இருக்குமோ என்று என் வீட்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தேன். ம்ஹூம்.

ஆள் வந்து பார்க்க வழியில்லை. நானே தூக்கிக்கொண்டு மேல வீதியில் ராபர்ட்டின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனேன். மாட்டிப் பார்த்து, முழுசாக ஏற்றிக் கொடுத்தான்.

"ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் ஏறுது."

வீட்டுக்கு வந்து வேலையைக் கொடுத்தால் மறுபடி அதே கூத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியாழக்கிழமை காலையிலேயே போய் நின்றேன்.

"ஏம்ப்பா, இங்க நல்லாருக்குது, அங்க போனா படுத்துக்குது. என்ன வெளையாடுறியா?"

"வேல ஓடறப்பதான் எறங்குதா? இத மொதல்லயே சொல்லியிருக்கக்கூடாதாக்கா?" என்றவன் லேப்டாப்பைக் கவிழ்த்துப் படித்தான், பிறகு சார்ஜரைத் திருப்பிப் படித்தான். "இதுக்கு நூத்தம்பது வாட்ஸ் வேணும். இந்த சார்ஜர் அறுவத்தஞ்சுதான் குடுக்கும். சும்மா இருக்கறப்ப போதும், ஜாஸ்தி வேல குடுத்தா பத்தாது. மிச்சத்த பேட்டரியிலேருந்து எடுத்துக்குது. இது வேற லேப்டாப் சார்ஜர்க்கா, பின்னு ஒண்ணா இருக்கறதால மாட்டிக்கிச்சு. சரியானது வீட்லதான் கெடக்கும், தேடிப் பாருங்க. புதுசுன்னா வரவழைக்கணும், திங்கக்கெழம ஆயிடும்."

ஆட்டோ பிடித்து ஓடிவந்து சொன்னேன். ஃபர்ஹீன் பீரோ மேலே பார்த்தாள்.

"அது அவுங்க பையில இருக்குதுக்கா."

"எது?"

"என் சார்ஜரு. ரெண்டும் ஒரே எடத்துல கெடந்துச்சு. அன்னைக்குக் காலைல அவசரத்துல மாத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. பஸ்லேருந்து போன் பண்ணாங்க. சாயங்காலம் கொண்டாந்துடறேன்னாங்க."

"அடிப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேவா என்னை ரெண்டு தடவ வெயில்ல அலையவிட்ட?"

"ஆமாக்கா." முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நானே எடுத்துட்டா, அவுங்க கொண்டார ஒண்ணும் இருக்காதுல்ல."

எனக்கு வாய் ஜாஸ்தி என்று தெருவே சொல்லும். அன்றைக்கு லேப்டாப்பை அவள் முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

பிறகு அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பையை இறக்கினாள். ஜிப்பைத் திறந்தாள். அவன் லேப்டாப், ஒரு குடை, அடியில் செங்கல் மாதிரிக் கனமான அவள் சார்ஜர். மாட்டி, வேலையைக் கொடுத்தாள். ஃபேன் கத்த ஆரம்பித்தது. நாங்கள் இரண்டு பேரும் திரையின் மூலையில் இருந்த சார்ஜ் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் கழித்து ஒன்று கூடியது.

"ஏறுது" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் படம் போய்ச் சேர்ந்தது. தில்லைநாதன் கையோடு அடுத்த வீட்டையும் அனுப்பிவிட்டார். சேக் பரீது போனில், "சரிம்மா, அங்கயே இரு" என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போதும் அவள் குரல் ஒரே மாதிரிதான் இருந்தது. சொல்லிக்கொண்டே அந்தச் சின்ன சார்ஜரின் ஒயரைச் சுற்றி, ரிஸ்வான் பைக்குள் அவன் லேப்டாப் பக்கத்தில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அத எதுக்கும்மா உள்ள வைக்கிற?" என்றேன்.

"இது அவுங்களோடதுக்கா. அன்னைக்கு இது இல்லாமதான் போயிட்டாங்க."