சாமைப் பெட்டி மூடியில் மூன்று பட்டன்

எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முப்பத்தொன்பதாவது வளைவில்தான் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. மடியில் பழைய கம்ப்யூட்டர் மானிட்டர். நாமக்கல்லில் மூடிக்கொண்டிருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் கிடைத்தது. பின்பக்கம் புடைத்த கண்ணாடிக் குழாய் வகை, பதினான்கு கிலோ. பஸ் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அது ஒரு பக்கமாகச் சரியும், நான் மறுபக்கம் சாய்வேன். விழுந்து உடைந்தால் இந்த வகை இன்னொன்று கிடைக்காது.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா மேலும் பதினோரு வளைவு பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, டிவிங்களா?"

"இல்லீங்க. கடையில நின்னுக்கிட்டு வெளையாடற வீடியோ கேம் பெட்டி இருக்குமில்லீங்க, அது செய்யறேன்."

"பேரப்புள்ளைக்குங்களா?"

"ஊட்டுக்காரிக்குங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு வளைவு தாண்டியபின், "அவங்க நல்லாத்தான் இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நன்றாகத்தான் இருந்தாள், வலது கையைத் தவிர. தை மாதம் மிளகு காயப்போட்டிருந்த தார்ப்பாயில் கால் வைத்து வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, விரல்கள் மடங்கவில்லை. ஒரு மாதத்துக்குள் விரல்களை வேலை வாங்காவிட்டால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லி, அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் அதை நாய்க்குப் போட்டுவிட்டாள்.

"பந்து வெளையாட நான் என்ன தொட்டில்லயா கெடக்கறேன்?"

நான் முப்பத்து நான்கு வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்தவன். அளக்காமல் எனக்கு ஒன்றும் ஓடாது. அவளை விரல்களை மடக்கச் சொல்லி, நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே அடிக்குச்சியை வைத்தேன். மூன்று புள்ளி எட்டு சென்டிமீட்டர். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "என்னை என்ன பட்டா போடப் போறீங்களா?" என்றாள்.

அன்றைக்குத்தான் இந்த யோசனை வந்தது. வேலையில் இருந்த காலத்தில் நாமக்கல்லில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே வீடியோ கேம் கடை. மத்தியானம் கடையில் ஆள் இருக்காது. இவள் சமையலை முடித்துவிட்டு இறங்கிப் போவாள். மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கும் எதிரிக் கப்பல்களைச் சுடுகிற விளையாட்டு. ஒரே காசில் ஒரு மணி நேரம் நிற்பாள். கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த சிலேட்டில் 'மாடி வீட்டு அக்கா 48,620' என்று எழுதி வைத்திருந்தார். நாங்கள் வீடு மாறும்வரை அதை யாரும் அழிக்கவில்லை.

ஆகவே திட்டம் போட்டேன். இத்தனை உற்சாகமாக நான் எந்த நிலத்தையும் வரைந்ததில்லை. மூன்று தாளில் முன்புறம், பக்கவாட்டு, மேல்பார்வை. அவள் அடுப்படியில் நிற்கும்போது தெரியாமல் முழங்கை உயரம் எடுத்தேன்: தொண்ணூற்று இரண்டு சென்டிமீட்டர். கைப்பலகை அந்த உயரத்தில். அதில் இடது பக்கம் குச்சி, வலது பக்கம் சுடுவதற்கு ஒரு பட்டன், குண்டு போட ஒரு பட்டன், நடுவில் ஆட்டம் தொடங்க ஒரு பட்டன். குச்சிக்கு நான்கு சுவிட்ச், பட்டனுக்கு மூன்று, ஆக ஏழு. ஒன்றுக்கு இரண்டு என்று பதினான்கு ஒயர். பதினான்கும் உள்ளங்கை அகலச் சின்ன கம்ப்யூட்டர் போர்டில் போய்ச் சேரும். செல்போனில் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து இவ்வளவும் கற்றேன். அதே மாதிரி கப்பல் சுடுகிற விளையாட்டை யாரோ புதிதாக எழுதி இலவசமாக விட்டிருந்தார்கள். அதையும் போர்டில் ஏற்றினேன்.

பலகைக்கு எங்கள் காட்டிலேயே மரம் இருந்தது. மிளகுக்கொடி ஏற்றியிருந்த சில்வர் ஓக் ஒன்று மார்கழிக் காற்றில் சாய்ந்திருந்தது. அறுத்து வைத்த பலகைகளைப் பார்க்க ஆசாரி வந்தார். மலையில் எங்கள் ஊர்களைச் சேர்த்துச் சொல்லும் வளப்பூர் நாட்டில் கதவு நிலை வைப்பது முதல் ஏர் செய்வதுவரை அவர்தான். பலகையை முகர்ந்தார். நகத்தால் கீறினார்.

"சாருங்க, இது இன்னும் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்குது. அடுப்புக்கு மேல பரண்ல போட்டு மூணு மாசம் பொகை காட்டுங்க. அப்புறம் கூப்புடுங்க, வாரேன்."

இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். புகை ஏறாத பலகையில் யாரும் ஆணி அடிப்பதில்லை. ஆனால் டாக்டர் கொடுத்த முப்பது நாளில் ஆறு நாள் போயிருந்தது.

"மூணு மாசம் இல்லீங்க. மூணு நாள்ல வேணும்" என்றேன்.

"இது என்ன பஸ்ஸுங்களா, டைமுக்கு வர?" என்று சொல்லிக்கொண்டே வேலையைத் தொடங்கினார். அவருக்கும் ஆவல் தாங்கவில்லை. பெட்டி எழுந்து நிற்க நான்கு நாள் ஆயிற்று. அறுபத்து நான்கு திருகாணி. கைப்பலகையில் இருபத்தெட்டு மில்லிமீட்டர் துளைகள். நான் ஒயர்களை ஒவ்வொன்றாகச் செருகி எண் எழுதிய சீட்டு ஒட்டினேன். பதினோராம் நாள் மின்சாரம் கொடுத்ததும் திரையில் கப்பல்கள் வரிசையாக வந்து நின்றன. நானும் ஆசாரியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

அவள் கதவோரம் நின்று பார்த்தாள். "எனக்கு வேலை கெடக்குது" என்று போய்விட்டாள். பிறகும் அதன் பக்கம் வரவில்லை. வற்புறுத்தினால் பந்துக்கு வந்த கதி பெட்டிக்கும் வரும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

பதினேழாம் நாள் சோதித்துப் பார்த்தபோது சுடுகிற பட்டன் உள்ளே போனது, வெளியே வரவில்லை. குண்டு பட்டனும் அப்படியே. பங்குனி வெயிலில் தகரக் கூரைக்கடியில் நின்ற பச்சைப் பலகை காய்ந்து வளைந்துவிட்டது. துளையை அளந்தேன். நீளவாக்கில் இருபத்தெட்டு, குறுக்கே இருபத்தேழு. ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் பட்டனின் இடுப்பை அது நெரித்துப் பிடித்திருந்தது.

ஆசாரியை அழைத்து வந்தேன். நான் அவசரப்படுத்தியதை அவர் சொன்னார், அவர் அரம் போட்டு ராவ மறுப்பதை நான் சொன்னேன். ராவினால் நாளைக்கு இன்னும் கோணும் என்றார். பேசிக்கொண்டே இருவரும் வாசலுக்கு வந்துவிட்டோம். எனக்கு மிச்சம் இருந்தது பதின்மூன்று நாள். வேறு காய்ந்த பலகைக்கு எங்கே போவது என்று யோசித்தபடி திரும்பியபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அவள் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இடது கை விரலால் பட்டனை அமுக்கினாள். அது சிக்கியது. நகத்தால் நெம்பி வெளியே எடுத்தாள். மறுபடி அமுக்கினாள். மூன்று முறை. பிறகு முந்தானையால் திரையில் இருந்த தூசியைத் துடைத்தாள்.

நான் ஆசாரியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஆனால் அவள் நாங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"ரெண்டு ஆம்பளைங்க ஒரு பலகைக்கு இத்தன நேரமா ஞாயம் பேசறீங்க. சாமைப் பெட்டி மூடி இருக்குதில்ல, அதை எடுங்க."

"அது உங்க அப்புச்சி காலத்துப் பலாவாச்சே" என்றேன்.

"அதனாலதான் சொல்றேன். இனிமேட்டு அது எங்க வளையப் போவுது?"

கல்யாணமான புதிதில் அவளோடு வந்த, சாமை அரிசி கொட்டி வைக்கும் பெட்டி. மூடியை எடுத்து வெளிச்சத்தில் வைத்தோம். அடுப்படியிலேயே இத்தனை வருடம் இருந்து கருத்துப்போயிருந்தது. ஆசாரி விரல் கணுவால் தட்டினார். கணீரென்றது. துளை போடும்போது உள்ளிருந்து மஞ்சள் தூள் கொட்டியது. அளந்தேன். நீளவாக்கில் இருபத்தெட்டு, குறுக்கே இருபத்தெட்டு. நாற்பத்தெட்டு மணி நேரம் விட்டு மறுபடி அளந்தேன். அதே இருபத்தெட்டு. அந்த மூடி கைப்பலகையானது, கழற்றிய சில்வர் ஓக் பலகை சாமைப் பெட்டிக்கு மூடியானது. வளைந்த மூடியில் எலி புகாமல் இருக்க மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணி. முதலில் ஆசாரி ஆடினார், 1,150. பிறகு அவள் வந்தாள், யாரும் கூப்பிடாமல். வலது கையை இடுப்பில் செருகிக்கொண்டு இடது கையாலேயே குச்சியையும் பட்டனையும் மாற்றி மாற்றித் தொட்டாள். 420ல் அவளுக்கு இருந்த மூன்று கப்பலில் கடைசியும் வெடித்தது.

"அக்கா, நாமக்கல்லுல சிலேட்டுல எல்லாம் பேர் எழுதினாங்கன்னு சார் சொன்னாருங்க" என்றார் ஆசாரி. "சாக்பீஸ் நெறய இருந்திருக்குமாட்ட இருக்குது."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். தொடங்கும் பட்டனை அமுக்கிவிட்டு இடது கையைக் குச்சிக்குக் கொண்டுபோனாள். வலது கை தானாக வந்து மூடியின் மேல் உட்கார்ந்தது. அங்கே பளபளவென்று தேய்ந்த ஒரு இடம் உண்டு. தினமும் சாமை அளந்து எடுத்தபின் அவள் உள்ளங்கையை ஊன்றிப் பெட்டியை அமுக்கி மூடுகிற இடம். நாங்கள் துளை போட்டது அதை ஒட்டித்தான். திட்டத்தில் நான் குறிக்காத அளவு அது.

கப்பல்கள் இறங்கின. ஆள்காட்டி விரல் வளைந்தது. டக். சற்றுப் பொறுத்து இன்னொரு டக். முகம் சுளித்தாள், வலித்திருக்க வேண்டும், ஆனால் கையை எடுக்கவில்லை. பிறகு நடுவிரல் குண்டு பட்டனைத் தேடிப் போனது. விரல் மடங்குவதை நான் வாய்க்குள் எண்ணினேன். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று.

"பின்னால நின்னு என்ன மொணமொணன்னு?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எண்ணறேன்."

"என் வெரல எண்ணாதீங்க. அந்தப் பக்கம் எத்தன கப்பல் மிச்சம்னு பாத்துச் சொல்லுங்க."

"ஏழு. இல்ல, எட்டு."

"ஏழா எட்டா? கவர்மெண்டுல இப்படித்தான் அளந்தீங்களா?"

ஆசாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவளுடைய மூன்று கப்பலும் தீர்ந்தபோது 2,780. அவள் கையை உதறிவிட்டு மறுபடி தொடங்கும் பட்டனை அமுக்கினாள்.

மறுநாள் காலை நான் மறுபடி அடிக்குச்சியோடு போனேன். அன்று அளக்க முடியவில்லை. பெட்டி முன்னால் நின்ற அவள் கை காலியாக இல்லை.