சனிக்கிழமைக் குற்றங்கள்

யாங்சுன்னிடமும் குமோக்கிடமும் குற்றங்கள் தீர்ந்துபோயிருந்தன.

வாரம் தவறாமல் சனிக்கிழமை மாலை மாதர் சங்கக் கூட்டம். ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று முதலில் தன் குற்றத்தைச் சொல்ல வேண்டும். பிறகு கூட்டத்தில் இன்னொருத்தியைக் கைகாட்டி அவள் குற்றத்தைச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் இருப்பதிலேயே பெரிய குற்றம். ஆகவே அந்தக் குடியிருப்பின் பெண்கள் ஜோடி சேர்ந்துகொண்டார்கள். நீ என்னை இதற்குத் திட்டு, நான் உன்னை அதற்குத் திட்டுகிறேன் என்று முந்தின நாளே பேசிவைத்துக்கொள்வது. கஞ்சிக்கு உப்புப் போடுகிற மாதிரி, உறைக்கவும் வேண்டும், கரிக்கவும் கூடாது. இவர்கள் இருவரும் ஒன்பது வருட ஜோடி.

"போன வாரம் என்னை என்ன சொன்னே?" என்று கேட்டாள் குமோக்.

"தொடப்பம் கொண்டாரலைன்னு."

"அதுக்கு முந்தி?"

"உரை படிக்கறப்ப கொட்டாவி விட்டேன்னு."

"கொட்டாவி ரெண்டு தடவை ஆச்சுடி. மூணாவது தடவை சொன்னா, இவளுக்கு எதுக்கு இவ்ளோ தூக்கம், விடியக்காலைல என்னத்தைச் செய்யறான்னு தோண்டுவாங்க."

"அப்ப இனிமே நெசமாவே ஏதாச்சும் தப்புப் பண்ணாத்தான் உண்டு."

"பண்ணாமலா இருக்கே! உன் கையைப் பாரு."

யாங்சுன்னின் கை முழங்கை வரைக்கும் மிளகாய் விழுதாய் இருந்தது. இருவரும் சிரித்தார்கள், சத்தம் வராமல். அந்தக் குடியிருப்பில் சுவர்கள் மெல்லியவை. சிரிப்புக்கும் காரணம் கேட்பார்கள்.

எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் சோயாப் பிண்ணாக்கை உருளையில் கொடுத்துத் தகடாக்கி, வெந்நீரில் ஊறவைத்து, உள்ளே பிடிசோறு வைத்துச் சுருட்டி, மேலே மிளகாய் விழுது தடவினால் அதற்குப் பெயர் கறிச்சோறு. கறி என்று ஒன்று அதில் கிடையாது. வட கொரியாவின் சோங்ஜின் துறைமுகத்தில், தெற்குப் பக்கத்தில் பாதி ஜனம் அதைத் தின்றுதான் பகலைக் கடத்தியது. ரேஷன் நின்று பன்னிரண்டு வருடம். சங்கு ஊதாத ஆலைக்கு ஆண்கள் நாள்தோறும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத் துருப்பிடித்த இயந்திரங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு உலை வைத்தது பெண்கள்.

அதற்கும் போன வருடம் ஓர் உத்தரவு குறுக்கே வந்தது: ஐம்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்கள் சந்தையில் உட்கார்ந்து விற்கக் கூடாது. யாங்சுன்னுக்கு நாற்பத்து நான்கு. குமோக்குக்கு ஐம்பத்து மூன்று, விதவை, ஒரே மகன் பத்து வருடப் படைச்சேவையில் எங்கேயோ தெற்கு எல்லையில். யாங்சுன் செய்தாள், குமோக் தன் இடத்தில் உட்கார்ந்து விற்றாள். கிடைத்ததில் ஆளுக்குப் பாதி. இப்படியே ஒரு வருடம் ஓடியது.

யாங்சுன்னுக்கு அந்தப் பாதி சோற்றுக்கு மட்டுமல்ல. கணவன் சாங்ரோக்குக்குக் காசநோய். சந்தையில் முட்டைக்கோஸ் குவியலுக்கு அடியில் மாத்திரை வைத்து விற்கிறவள் ஒருத்தி இருந்தாள். அவள் சொல்லியிருந்தாள்: "ஆறு மாசம். ஒரு நாள் விடாம. நடுவுல நிறுத்தினியோ, அப்புறம் எந்த மாத்திரையும் அந்த நெஞ்சுக்குள்ள பேசாது." நான்கு மாதம் முடிந்திருந்தது. இருமல் குறைந்து, சாங்ரோக் இப்போது வாசல்வரை நடந்து வந்தான். இன்னும் இரண்டு மாதம். யாங்சுன் அதற்கு அப்பால் எதையும் யோசிப்பதில்லை.

அந்த நேரத்தில்தான் மாகாணத்திலிருந்து சோதனைக் குழு வந்தது. சோஷலிசத்துக்கு விரோதமாய் நடப்பவர்களைக் களையெடுக்கப் போகிறார்களாம். குடியிருப்புக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். அந்தப் பெயருக்கு ஆறு மாத உழைப்புப் பயிற்சி. பயிற்சி என்றால் கல் சுமப்பது. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவர்களே வந்து உட்காருவார்கள் என்று தலைவியம்மா வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள்தான் நாற்பது வீட்டுக்கும் பொறுப்பு. யார் வீட்டில் என்ன வேகிறது என்பதை அவள் மூக்கே அறியும்.

"பயமா இருக்குக்கா" என்றாள் யாங்சுன்.

"பயந்தா கை நடுங்கும், கை நடுங்கினா சுருள் பிரியும். ஒழுங்கா சுத்து" என்றாள் குமோக். "இந்த வாரம் பொடிசா வெச்சுக்குவோம். தெருப் பெருக்க நீ லேட்டா வர்றேன்னு நான் சொல்றேன். சங்கப் பாட்டுல ரெண்டாவது அடி எனக்குத் தெரியலைன்னு நீ சொல்லு."

"நெசமாவே தெரியாதா?"

"முப்பது வருசமா வாயை மட்டும் அசைக்கறேன்."

சனிக்கிழமை காலை யாங்சுன் கரி அள்ளக் கீழே இறங்கினாள். அப்போது தலைவியம்மாவின் கதவு திறந்து குமோக் வெளியே வந்தாள். உள்ளே திரும்பி இடுப்பு வளைய ஒரு கும்பிடு போட்டாள். கதவிடுக்கில், தலைவியம்மாவின் கையில், பூனைப்படம் போட்ட சிகரெட் கட்டு இரண்டு தெரிந்தன. அந்தச் சிகரெட்டை இந்த ஊரில் யாரும் புகைக்க வாங்குவதில்லை, அதிகாரம் உள்ளவர்கள் கையில் திணிக்கத்தான்.

"என்னக்கா, இவ்ளோ காலைல?"

குமோக் கதவை இழுத்துச் சாத்தினாள். "உப்பு இரவல் கேக்கப் போனேன்."

கையில் கிண்ணம் எதுவும் இல்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கைக்குள் கொடுத்ததை வெளியே சொல்லமாட்டார்கள். தெரியாதவளைத்தான் எவ்வளவு உலுக்கினாலும் தெரியாது என்று சொல்ல முடியும். யாங்சுன்னும் அப்படி வாய் மூடிக்கொண்டு எத்தனையோ முறை கொடுத்திருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை. ஒரு பெயர் வேண்டும், குமோக் தன் பெயரை விலக்கிக்கொண்டாள், அப்படியானால் மிச்சம் யார்? ஒரே கூடையில் கைவைத்த இரண்டு பேரில் மிச்சம் யார்?

மதியம் சாங்ரோக் மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தான். தொண்டைமணி ஏறி இறங்கியது.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றான்.

"கரிப்புகை."

"நான் எந்திரிச்சதும் அடுப்பை மாத்திக் கட்டறேன், பாரு. ரெண்டே மாசம்."

அவள் அவனைப் பார்க்காமல் தம்ளரை வாங்கிக் கழுவினாள். கழுவிய தம்ளரை மறுபடியும் கழுவினாள்.

கூட்ட அறையில் சுவரின் மேல்பாதி தலைவர்களின் படங்களுக்கு, கீழ்பாதி பெண்களின் முதுகுகளுக்கு. மாகாணத்துக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் எழுதினார், ஒருவர் வெறுமனே பார்த்தார். பார்க்கிறவர்தான் பெரியவர். தலைவியம்மா, "யார் முதலில்?" என்றாள். வழக்கமாக அந்தக் கேள்விக்குப் பின் ஒரு நீண்ட இருமல் இடைவெளி இருக்கும்.

யாங்சுன் எழுந்துவிட்டாள்.

"தோழர்களே, கடந்த வாரத்தில் நான் விழிப்புணர்வு குன்றியவளாக இருந்தேன்" என்று தொடங்கினாள். அந்த அறையில் எல்லோருக்கும் அச்சடித்த குரல்தான் வரும். "என் அருகிலேயே நடந்த சுரண்டலை நான் கண்டுகொள்ளவில்லை. தோழர் குமோக் என் உழைப்பை வாங்கிக்கொண்டு, என்னைக் கொண்டு உணவு தயாரிக்கச் செய்து, அதைத் தன் பெயரில் விற்று வந்தார். கணவரின் நோயால் மனம் தளர்ந்திருந்த நான் அதற்கு இணங்கினேன். பிறர் உழைப்பில் வாழ்வது பழைய சமுதாயத்தின் அழுக்கு. அதை இன்று கட்சியின் முன் ஒப்புக்கொள்கிறேன்."

எப்படி அவ்வளவு கோர்வையாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்பது வருடம் பொடிக்குற்றம் பேசிய நாக்குக்குப் பெரிய குற்றத்தின் இலக்கணமும் கூடவே பழகிவிட்டிருந்தது. எழுதுகிறவரின் பேனா வேகமாக ஓடியது. தலைவியம்மா, கொதிக்கும் பானையில் தெரியாமல் கைவைத்தவளைப் பார்ப்பதுபோல யாங்சுன்னைப் பார்த்தாள்.

"தோழர் குமோக்" என்றார் பெரியவர்.

குமோக் எழுந்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள்.

"சங்கப் பாட்டின் இரண்டாவது அடி எனக்குத் தெரியாது. அது என் குற்றம்." மூச்சு வாங்கினாள். "தோழர் யாங்சுன் காலையில் தெருப் பெருக்கத் தாமதமாக வருகிறார். அது அவர் குற்றம்."

"வேறு?"

"வேறு எதுவும் எனக்குத் தெரியாது, தோழரே."

"உணவு தயாரித்ததில் அவருடைய பங்கு?"

"அவருக்குக் கூலி கொடுத்தேன். கூலிக்காரர்."

ஒரு வார்த்தை போதும், இருவரையும் சேர்த்துக் கொண்டுபோயிருப்பார்கள். பாதிப் பாதி என்ற அந்த ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. யாங்சுன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவளின் காலுறையில் ஒரு ஓட்டை, அதில் தெரிந்த விரல், அந்த விரல் உள்ளே இழுத்துக்கொண்டது.

குமோக்கை அங்கிருந்தே கூட்டிப் போனார்கள். மேல்சட்டை எடுத்துக்கொள்ள விட்டார்கள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் தலைவியம்மா யாங்சுன்னின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏண்டி கூறுகெட்டவளே, உன்னை யாரு வாயைத் தொறக்கச் சொன்னா?"

"அம்மா..."

"காலைலதான் வந்தா. ஒரு கட்டு அவளுக்கு, ஒரு கட்டு உனக்கு. 'அவ புருசன் மாத்திரை திங்கறான், ரெண்டு மாசம் கண்ணை மூடிக்கோங்க'ன்னா. நானும் மூணாம் மாடி மிளகாய்க்காரி பேரைத்தான் எழுதி வெச்சிருந்தேன். தாளைக் கிழிச்சுப் போட வெச்சிட்டியே." கையை உதறினாள். "அழாதே. இங்க அழுதா அதுக்கும் காரணம் எழுதணும்."

மறுவாரம் யாங்சுன்னுக்கு ஜோடி இல்லை. கேட்ட இடத்திலெல்லாம் ஆள் இருக்கிறது என்றார்கள். மூணாம் மாடி மிளகாய்க்காரியிடமும் கேட்டாள். அவள் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே எல்லோர் காதிலும் விழும்படி, "ஒன்பது வருசம் ஒட்டி இருந்தவளையே வித்துட்டே. உன் பக்கத்துல நின்னா என் நெழலைக்கூட நீ எழுதிக் குடுத்துருவே, போ தாயி" என்றாள். யாங்சுன் படியிறங்கினாள். அவள் சொன்னதில் பொய் இல்லை.

சந்தையில் குமோக்கின் இடத்தை ஒரே நாளில் வேறொருத்தி பிடித்துக்கொண்டாள். யாங்சுன் வெட்டுக்கிளி ஆனாள். சந்தைக்கு வெளியே சந்துகளில் மூட்டையோடு குந்தியிருந்து, விசில் கேட்டதும் துள்ளி ஓடி, அடுத்த சந்தில் குந்துகிறவர்களுக்கு அதுதான் பெயர். இரண்டு முறை கூடை போயிற்று. ஒரு முறை காலணி. ஆனால் மாத்திரை ஒரு நாளும் நிற்கவில்லை. சாங்ரோக் எழுந்து அடுப்பை மாற்றிக் கட்டினான். குமோக்கைப் பற்றி அவன் ஒரே ஒரு முறை கேட்டான். அவள் தம்ளரை நீட்டியதும், சுவரைப் பார்த்துக்கொண்டு மாத்திரையை விழுங்கினான். அவனுக்கும் தெரியும். நாற்பது வீட்டுக்கும் தெரிந்தது அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

பயிற்சி முகாமில் சோறு என்பது சோளத்தண்ணீர். வீட்டிலிருந்து யாராவது கொண்டுபோனால்தான் ஆள் திரும்பிவரும். குமோக்குக்கு யாரும் கிடையாது. அவளைக் கொண்டுபோன பத்தாவது நாளே யாங்சுன் பன்னிரண்டு சுருள் சுற்றித் துணியில் கட்டிக்கொண்டு நடந்தாள். உறைந்த ஆற்றங்கரையோடு மூன்று மணி நேரம். வாயிலில் இருந்த காவலாளி மீசை முளைக்காத இளைஞன். நோட்டைத் திறந்தான்.

"என்ன உறவு?"

உறவு எழுதாமல் பொட்டலம் உள்ளே போகாது.

"தங்கச்சி" என்றாள்.

அவன் எழுதிக்கொண்டு, ஒரு சுருளை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, உள்ளே போனான். காற்று ஆற்றின் மேலிருந்து வந்தது. கல் உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் நின்று, பிறகு தொடங்கியது. அவன் வெறும் துணியோடு திரும்பி வந்தான்.

"உனக்குத் தங்கச்சி இருக்காளான்னு கேட்டேன். அப்படி யாரும் தனக்கு இல்லேங்கறா."

யாங்சுன் துணியை வாங்கிக்கொண்டாள்.

"சாப்பாடு?"

"அதை வாங்கிக்கிட்டா. நின்னபடியே தின்னா."

அவள் தலையாட்டினாள். காவலாளி நோட்டைப் புரட்டி, "அடுத்த முறை வந்தா என்னன்னு எழுத?" என்று கேட்டான். கிண்டலில்லை, அவனுக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது.

"அதையே எழுதுங்க" என்றாள் யாங்சுன். "பத்து நாளைக்கு ஒரு தடவை வருவேன்."

"வேண்டாம்னு சொன்னா?"

"சாப்பாட்டைக் குடுத்துருங்க. பேரைச் சொல்லாதீங்க."

துணியை மடித்து மார்புக்குள் செருகிக்கொண்டு, சாயங்கால மாத்திரை நேரத்துக்குள் வீடு சேர வேண்டுமென்று, அவள் வேகமாக நடந்தாள்.