நான் தின்ற கீரை

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கக் கூலிக்குப் போனவன், இன்று சொந்தக் கொட்டகை, இரண்டு லாரி, மாடி வீடு என்று இருக்கிறேன். யாரும் தூக்கிவிடவில்லை. உடம்பும் அப்படித்தான், மாத்திரை பார்க்காத உடம்பு. இதை டீக்கடையில் சொல்வேன், கல்யாண வீட்டில் சொல்வேன், கேட்காதவனையும் நிறுத்திச் சொல்வேன். அந்தப் பெருமைதான் என்னைக் குப்புறத் தள்ளியது.

மகன் துபாயில் இருக்கிறான். மருமகள் ஐந்து மாதக் கர்ப்பமாக என் வீட்டில் இருந்தாள். ஒரு நாள் நர்சம்மா வீட்டுக்கு வந்து, ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை அட்டைகளை அவளிடம் கொடுத்தார். நான் அதை வாங்கி நர்சம்மாவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"இத வேற யாருக்காச்சும் குடுங்க. எங்க கொல்லையில முருங்கை நிக்கிது. அதுல இல்லாத இரும்பா இதுல இருக்கு?"

"கீரையும் குடுங்கய்யா, மாத்திரையும் குடுங்க. இந்த மாசத்துல கீரை மட்டும் பத்தாது."

"எங்க ஆத்தா ஒம்பது பெத்தா. ஒரு மாத்திரை முழுங்கல."

அந்த ஒன்பதில் நாங்கள் நால்வர்தான் தங்கினோம். அதை நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தினமும் மதியம் முருங்கைக்கீரை. ஒரு நாள் பொரியல், ஒரு நாள் பருப்புப் போட்டுக் கூட்டு. நானே ஒடித்துக் கொண்டுவந்து போடுவேன். கொட்டகை மேஸ்திரியும் லாரி டிரைவரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "இன்னுங் கொஞ்சம் வையிம்மா" என்று கேட்டு வாங்கி, கீரையின் மகிமையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே சாப்பிடுவேன். பரிமாறுவது மருமகள்.

ஏழாம் மாதம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

"ரத்த அளவு எட்டுதான் இருக்கு. முன்ன இருந்ததுக்கு இன்னும் எறங்கிருச்சு. பிரசவத்துல ரத்தம் போனா இந்தப் பொண்ணு தாங்காது. மாத்திரை சாப்பிடலையா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அவள் வாய் திறக்கவில்லை. நிறுத்தியவன் நான் என்று நானும் சொல்லவில்லை. "தினம் கீரை குடுக்குறோங்க" என்று மழுப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கோபமெல்லாம் அவள் மேல் திரும்பியது. மகளைப் பார்க்க வந்திருந்த சம்பந்தியம்மா ஒரு பக்கம், மேஸ்திரி ஒரு பக்கம். அவர்கள் முன்னாலேயே கேட்டேன்.

"ஆக்குன கீரைய என்ன பண்ணுன? கோழிக்குக் கொட்டுனியா?"

"சாப்டேன் மாமா" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். நாற்பது வருஷத்தில் ஆட்கள் முன்னால் என்னை எதிர்த்துப் பேசியவள் இல்லை.

"அவ எங்கிட்டுச் சாப்பிடுறது? நீங்க மூணு பேரும் எந்திரிச்ச பெறகு சட்டியில காம்புதான் கெடக்கும். நானும் அவளும் ரசத்தையும் ஊறுகாயையும் வச்சுத் தின்னுட்டுப் போறோம். இரும்பெல்லாம் ஒங்க ஒடம்புலதாங்க ஏறியிருக்கு."

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சம்பந்தியம்மா மகள் கையைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கொட்டகையில் ஒரு கைப்பிடி முந்திரிப்பருப்பு குறைந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். என் அடுப்படியில் சட்டி காலியாவது தெரியவில்லை. நான் அங்கிட்டு எட்டிப் பார்த்ததே கிடையாது.

நேரே நர்சம்மாவைத் தேடிப் போய் மாத்திரை கேட்டேன். ஒரு வார்த்தை குத்திப் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். "மாத்திரை போட்ட கையோட டீ குடிக்க வேணாம்னு சொல்லுங்கய்யா, சத்து ஒட்டாது" என்றார். சாப்பாட்டை முடித்ததும் வீட்டில் எல்லோருக்கும் டீ போடச் சொல்வதும் நான்தான்.

மறுநாள் மருமகளை என்னோடு சாப்பிட உட்காரச் சொன்னேன். மாமனார் எதிரில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சரி, நீங்கள் முதலில் சாப்பிடுங்கள், நான் கடைசியில் சாப்பிடுகிறேன் என்றேன். ஆம்பளை பசியோடு இருக்கும்போது எப்படி என்று இரண்டு பெண்களும் மூன்று மணிவரை பட்டினி கிடந்தார்கள். கடைசியில், கடையில் சாப்பிட்டுவிட்டேன் என்று கொட்டகையிலிருந்து தினமும் போனில் பொய் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் வேளைக்குச் சாப்பிட்டார்கள்.

நாள் நெருங்கிவிட்டதால் மாத்திரை மட்டும் போதாது என்று புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் இரும்புச்சத்து மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். ரத்தம் கூடியது. பேத்தி சுகமாகப் பிறந்து இப்போது நடக்கிறாள், தாயும் நலம். ஆனாலும் டிரிப் ஏற்றிய அந்தக் காலைப்பொழுது என் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

அங்கிருந்த டாக்டர், "முன்னாடி மாத்திரை ஏம்மா சாப்பிடல?" என்று கேட்டார். மருமகள் பதில் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொன்னால் எனக்குக் குறைச்சல் வராது என்று தேடுகிற பார்வை.

"ஐயாவ எதுக்குப் பாக்குற? ஒன்னயத்தான் கேக்குறேன்."

"நான்தாங்க நிறுத்துனேன்" என்றேன். "அந்தப் புள்ளைக்குக் கீரையும் கெடைக்கல. அதையும் நான்தான் தின்னேன்."

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.