புகைக்கூண்டு வைத்த வீடு

1. மழை பிடித்த மாதத்தில் அம்மாவுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது.
2. விறகுப் புகை கூடவே கூடாது என்று தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லிவிட்டார்கள்.
3. நோர்வூட்டில் தகர வேலை செய்த தாய்மாமா வந்து, எங்கள் ஒற்றையறை வீடான காம்பராவில் புகைக்கூண்டு வைத்த அடுப்பு கட்டினார்.
4. அம்மாவின் இரைப்பு குறையவில்லை.

இப்போது தொழிற்சாலைகளின் எரிபொருளைக் கணக்கிடும் வேலை எனக்கு. எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது பழகிவிட்டது. அன்று எனக்குப் பத்து வயது. மூன்றாவதற்குப் பிறகும் நான்காவது ஏன் வந்தது என்று விளங்கவில்லை.

புது அடுப்புக்குப் பாதி விறகே போதும். காற்றில் சேரும் காபனைக் குறைக்கப் பள்ளிக்கூட டீச்சர் சொல்லித்தந்த மற்றவற்றையும் வீட்டில் நான் நடத்தினேன். பானைக்கு மூடி போட்டேன். விறகைக் காயவைத்தேன். பகலில் பல்பு போட்டதற்காக அப்பாவையே அதட்டினேன். தோட்டத்திலேயே சுத்தமான வீடு எங்களுடையதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த காம்பராவில் அத்தை இருந்தார். அப்பாவின் அக்கா, தனி ஆள். செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து தேயிலை மிளாறுக் குச்சிகளைச் சுமந்து வந்து ஈரத்தோடு எரிப்பார். அதுவரை தோட்டத்தில் புகைக்கூண்டு இருந்தது துரை பங்களாவுக்கு மட்டும். எங்கள் தகரக் குழாய் கூரைக்கு மேலே எழுந்த அன்று, தண்ணீர் பிடிக்கும் பீலியில் அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"தம்பி பொஞ்சாதி தொரசாணி ஆயிட்டா. இனி நாமெல்லாம் சலாம் போட்டுத்தான் தண்ணி புடிக்கணும்."

அம்மா பாதிக் குடத்தோடு திரும்பிவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. மாமா சமாதானத்துக்குப் போனார்.

"மதினி, தகரம் மிச்சம் கெடக்கு. ஒங்களுக்கும் ஒன்னு கட்டித் தர்றேன்."

"தொரசாணி வீட்டு மிச்சம் எனக்கு எதுக்குங்க? எனக்குப் பொக என்ன புதுசா?"

ஒரே நீளக் கூரையின் கீழ் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில், காம்பராக்களுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரை போவதில்லை. மேலே எல்லா வீட்டுக்கும் ஒரே வெளிதான். அத்தை அடுப்பு மூட்டினால் புகை அந்த வழியாக வந்து எங்கள் பக்கம் இறங்கும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சாரலில் வாசற்படியில் போய் உட்காருவார்.

"அத்தைகிட்ட சொல்லும்மா" என்றேன்.

"என்னான்னு சொல்ல? நீ சோறு பொங்காதேன்னா?"

மழை விடுவதற்குள் அம்மா போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினார். யாரும் கூப்பிடவில்லை. தனக்கும் சேர்த்து அங்கேயே உலை வைத்தார். காம்பராவில் துளி புகை இல்லை. கூரையின் கைமரங்கள் தெளிவாகத் தெரிந்தன.

"மாமா கட்டின அடுப்பு இப்பத்தான் சரியா வேல செய்யுது அத்த" என்றேன்.

அத்தை அகப்பையை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். சோறு குழைந்துவிட்டது. நல்ல செய்திதானே சொன்னேன், அதற்கு எதற்கு அழுகிறார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் வீட்டு அடுப்பு அதற்குப் பிறகு எரியவில்லை. இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை அந்த ஓர் அடுப்புதான்.