இரவல் பிள்ளை

போன வாரம் கடையில் ஒரு கண்ணாடி ஜாடி வாங்கி வந்தேன். முளைகட்டிய சிறுதானிய ஹெல்த் மிக்ஸ் என்று மேலே எழுதியிருந்தது. விலையைச் சொன்னால் திட்டுவீர்கள், வேண்டாம். மூன்று வயது மகளுக்குக் கரைத்துக் கொடுக்கலாமென்று மூடியைத் திறந்தேன். கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

“என்னடி, சத்துமாவு வாசம் அடிக்குது?”

இது வேறம்மா என்று வாய்வரை வந்தது. வேறொன்றும் இல்லை, அதேதான். வறுத்த கோதுமையும் பொட்டுக்கடலையும் வெல்லமும். அம்மாவின் சேலையில் வருஷக்கணக்காக அடித்த வாசனை அது. எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அம்மா பால்வாடி டீச்சராக இருந்தாள். போர்டில் அங்கன்வாடி என்றுதான் இருக்கும். போர்டை யார் படித்தார்கள்? ஓட்டுக் கட்டடம், ஒரே அறை. காலையில் பிள்ளைகள் வரப்பு வழியாக ஆளுக்கொரு தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். தட்டு வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் தட்டோடு போகிற இடம்.

அத்தனை பிள்ளைகளுக்கும் மூக்குச் சிந்திவிட்டு, சோறூட்டி, தூங்க வைத்த என் அம்மா, என்னை மட்டும் எழுமலையில் புதிதாக வந்த இங்கிலீஷ் நர்சரியில் சேர்த்திருந்தாள். டை, ஷூ, கெண்டைக்காலை இறுக்கும் சாக்ஸ் எல்லாம் உண்டு. சொந்த ஓட்டலில் சாப்பிடாத முதலாளியைப் பார்த்துச் சிரிப்போமே, அந்தச் சங்கதிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். டீச்சர் பிள்ளை டீச்சரிடம் படிக்காது என்பது எழுதாத சட்டம்.

செங்கல் சூளைக்கு ஆள் எடுக்கிற காலம் வந்தால் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். பிள்ளைகளும் கூடவே போய்விடுவார்கள். அப்படி ஒரு சமயத்தில் ஆபிசரம்மா பார்வைக்கு வருவதாகத் தகவல் வந்தது. பிள்ளைகள் குறைவாக இருந்தால் பால்வாடியைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். அந்த ஊருக்குப் போக லாரி ஓடுகிற ரோட்டைத் தாண்ட வேண்டும். தட்டைத் தூக்கிக்கொண்டு எந்தப் பிள்ளை தாண்டும்? அம்மாவுக்கு ராத்தூக்கம் போயிற்று. கடைசியில், அன்று காலை நர்சரிக்குக் கிளம்பி நின்ற எனக்கு லீவு சொல்லிவிட்டு, டையையும் ஷூவையும் கழற்றி, வெளுத்த கவுன் ஒன்றை மாட்டி, பால்வாடிப் பாயில் உட்கார வைத்தாள். பேர் கேட்டால் முத்துலட்சுமி என்று சொல்ல வேண்டும். நிஜ முத்துலட்சுமி சூளையில் இருந்தாள்.

பேரைச் சரியாகத்தான் சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். யாராவது ஒரு பாட்டுப் பாடுங்கள் என்று ஆபிசரம்மா கேட்டதும் எழுந்துவிட்டேன். நர்சரியில் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் பாட்டை இடுப்பை வளைத்து, கையை ஆட்டி முழுக்கப் பாடி, “தேங்க் யூ மிஸ்” என்றும் முடித்தேன். நாலு வயதிலேயே எனக்கு அம்புட்டு மேடை ஆசை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கால் மணி நேரத்துக்கு முன் கழற்றிய சாக்ஸின் தடம் வேறு என் காலில் வட்டமாகத் தெரிந்தது.

ஆபிசரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கிராமத்தில் இவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறீர்களே என்று பாராட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். பால்வாடி பிழைத்தது.

பிள்ளையைக் கூட்டிப் போகக் களையெடுப்பிலிருந்து நேராக வந்திருந்த பாண்டியம்மாள், வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். காசியின் அம்மா. அவள் சண்டைக்கு வரவில்லை. என் காலைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“டீச்சர், ஒங்க புள்ளைய ஏன் இங்க விடல?”

அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “அவுங்க அப்பா சேத்து விட்டுட்டாரு.”

அப்பாவா! நான் எந்த வகுப்பு என்றுகூட அவருக்குத் தெரியாது. பாண்டியம்மாள் சரிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுக் காசியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த ஜூனில் எங்கள் நர்சரி வேனில் காசி ஏறினான். புது டை, புது ஷூ, கக்கத்தில் தட்டு. தட்டு எதற்கு என்று மிஸ் கேட்டார். “சோத்துக்கு” என்றான். வேனே சிரித்தது. அவன் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அரைப் பரீட்சைக்கு முன்பே நின்றுவிட்டான். பாண்டியம்மாளால் பீஸ் கட்டி மாளவில்லை. அதற்குமேல் பால்வாடியில் விடவும் அவளுக்கு மனசில்லை. மிச்ச வருஷம் அவன் வரப்பில்தான் உட்கார்ந்திருந்தான்.

ஆனால் வேன் ஊருக்குள் வந்துவிட்டதே. முடிந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளையை ஏற்றினார்கள். பால்வாடியில் மிஞ்சியது, எப்படியும் முடியாதவர்களின் பிள்ளைகள். அம்மா ரிட்டயர் ஆவதற்குள் அதைப் பக்கத்து ஊரோடு சேர்த்தேவிட்டார்கள். ரோட்டைத் தாண்ட வேண்டி வந்தது அந்தப் பிள்ளைகளுக்குத்தான். இப்போது அங்கே ஓடும் இல்லை, சுவரும் இல்லை. யாரோ வைக்கோல் போர் போட்டிருக்கிறார்கள். அந்த வழியாகப் போனால் அம்மா பஸ்ஸில் மறுபக்கம் திரும்பிக்கொள்வாள்.

இப்போது நாங்கள் இருப்பது திருப்பரங்குன்றம் பக்கம். எங்கள் தெருமுனையிலேயே ஓர் அங்கன்வாடி இருக்கிறது. சுவரில் முயலும் யானையும் வரைந்து பளிச்சென்று இருக்கும். தினமும் காலையில் அதைத் தாண்டித்தான், முன்னால் மகளும் பின்னால் அம்மாவுமாக, ஸ்கூட்டரில் ப்ளே ஸ்கூலுக்குப் போகிறேன். நேற்று அந்த டீச்சர் கேட் அருகில் நின்று கையைக் காட்டி நிறுத்தினார். தடுப்பூசிக்குப் போனபோது பழக்கம்.

“ஊசிக்கு மட்டும் வாரீங்க. பாப்பாவ இங்கயே விடலாம்ல? எனக்கும் புள்ளைக வேணும்ல.”

சிரித்துக்கொண்டே சொன்னேன்: “அவுங்க அப்பா சேத்து விட்டுட்டாருங்க.”

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அப்படியே வந்துவிட்டது. அட்மிஷனுக்கு முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றவளே நான்தான். வண்டியைக் கிளப்பினேன். சிக்னலில் நிறுத்தினேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து அம்மா மெதுவாகச் சொன்னாள்:

“அந்தம்மா நம்பலடி. பாண்டியம்மாளும் நம்பல.”