மொட்டை டயர் கேட்டு வந்தவர்

இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருடங்கள் ஆகியிருக்கும். தை மாதம், வாடைக்காற்று அடிக்கிற நேரம். ராமநாதபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் எனக்கு டயர் கடை. இப்போதும் அதே இடம்தான், போர்டு மட்டும் மாறியிருக்கிறது. ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, இன்னொருவர் கடையில் பஞ்சர் ஒட்டப் பழகி, பிறகு சொந்தமாகப் போட்ட கடை அது. அதனால் டயர் விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

கடையில் ஒரு கொள்கை வைத்திருந்தேன். தரையைப் பிடிக்கிற பட்டன் தேய்ந்து மொட்டையான டயரை, எவ்வளவு கெஞ்சினாலும், யாருக்கும் கொடுக்க மாட்டேன். மழை நாளில் மொட்டை டயர் போட்ட ஆட்டோ ஒன்று சறுக்கிக் கவிழ்ந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். கழற்றிப் போட்ட மொட்டைகளைக் கடைக்குப் பின்னால் குவித்து வைப்பேன். போட்டுக்காரர்கள் வந்து, படகின் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட அள்ளிக்கொண்டு போவார்கள்.

அந்த மொட்டை டயரைத்தான் ஒருவர் வந்து கேட்டார். கீழக்கரைப் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், லீவில் வந்திருக்கிறார். கையில் மூன்று சின்னச் சக்கரங்கள். ரிம் பார்த்தால் அப்படியே ஆட்டோ ரிம் அளவு. டயர் மட்டும் வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"என்ன வண்டி தம்பி இது?" என்று கேட்டேன்.

காற்றில் ஓடும் வண்டி என்றார். மூன்று சக்கரம், தரையை ஒட்டி ஒரு சீட்டு, எஞ்சின் கிடையாது. பாராசூட் மாதிரி ஒரு பெரிய துணிப் பட்டத்தைப் பறக்கவிட்டு, அதன் கயிறுகளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், பட்டம் இழுக்க வண்டி ஓடும். முன் சக்கரத்தைக் காலால் திருப்ப வேண்டும். அங்கே லீவு நாட்களில் கூட வேலை பார்க்கிறவர்களோடு ஓட்டிப் பழகினாராம். அவர்களில் ஊருக்குத் திரும்பிய ஒருவர் கொடுத்துவிட்டுப் போன வண்டியைப் பிரித்துக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார். தனுஷ்கோடி மணலில் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

"அங்கன தரை கெட்டியா இருக்கும்ணே. இங்கன பொதபொதன்னு மணலு. மொட்டை டயரா, அமுக்குனா அமுங்குற மாதிரி பழசாப் பாத்து மூணு குடுங்க. காத்து பாதி போதும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். புது டயர் போட வசதி இருக்கிற மனுஷன், உயிரை வைத்து விளையாடுகிற வண்டிக்கு மொட்டை கேட்கிறாரே! பிடிமானம் வேண்டாமா? மணல் என்றால் இன்னும் நல்ல பிடி அல்லவா வேண்டும்? இருபது வருடம் டயர் பார்த்தவன் சொல்கிறேன், கேளுங்கள் என்று ஒரு பிரசங்கமே பண்ணினேன். அவர் இரண்டு தடவை மறுத்துப் பார்த்தார். தனக்கும் யாரோ சொல்லித்தான் தெரியும், மணலில் ஓட்டிய அனுபவம் இல்லை என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். விடுவேனா? ஆழமாகப் பட்டன் வெட்டிய, பக்கவாட்டுச் சுவர் கெட்டியான புது ஆட்டோ டயர் மூன்றை மாட்டி, சுண்டினால் 'டங்'கென்று கேட்கிற அளவுக்குக் காற்றடித்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடிக்கு நீங்களும் வாங்கண்ணே என்று கூப்பிட்டார். கடைக்கு லீவு விட்டுக் கிளம்பினேன். என் டயர் ஓடுவதைப் பார்க்க வேண்டும் அல்லவா?

ஜீப்பில் போனோம். அவர், நான், ஜீப் ஓட்டுகிறவர், பின்னால் பிரித்துப் போட்ட வண்டி. அப்போதெல்லாம் தார் ரோடு பாதியிலேயே முடிந்துவிடும், அதற்கப்புறம் மணல்தான். ரோடு முடிகிற இடத்தில் ஜீப் நின்றது. கிரேன்காரர் அங்கிருந்த கொட்டகையில் டீ வாங்கப் போனார். ஜீப்காரர் இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து, ஒரு தீக்குச்சியால் வால்வை அமுக்கினார். 'உஸ்ஸ்' என்று காற்று போனது. அடுத்த சக்கரம். அதற்கடுத்தது.

டயர் கடைக்காரன் கண் முன்னால் செய்கிற காரியமா இது? "என்னண்ணே, நல்லாருக்க காத்தப் போயிப் புடுங்குறீக?" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காத்தோட போனா புதைஞ்சிரும்ணே. டயரு சப்பையா பரந்து நிக்கணும், அப்பத்தான் மணலுக்கு மேல போகும். பட்டன் இருந்தா தோண்டிக்கிட்டு உள்ள போயிரும். எல்லாமே மொட்டைதான், பாருங்க" என்றார்.

பார்த்தேன். நாலும் வழவழ மொட்டை.

பின்னால் கிடந்த மூன்று சக்கரங்களிலும் நான் அடித்த காற்று அப்படியே இருந்தது. டயரை மாற்ற முடியாவிட்டாலும், கேட்டால் ஒரு தீக்குச்சி கிடைக்கும், ஒரு நிமிட வேலை. கிரேன்காரர் டீயோடு வந்தார். வாங்கிக் குடித்தேன், நல்ல டீ என்றேன். நான் சொன்னது அது மட்டும்தான். கடையில் அவ்வளவு பேசிவிட்டு, இப்போது "தம்பி, நீங்க சொன்னதுதான் சரி" என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் ஒன்றும் ஆகவும் இல்லை. தண்ணீர் ஓரமாக ஈர மணல் கெட்டியாக இருந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பட்டம் எழும்பியது, வண்டி கிளம்பியது. சத்தமே இல்லாமல் அப்படி ஒரு வேகம்! ஜீப்காரர் விசிலடித்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பார்த்தீர்களா என் டயரை என்று ஜீப்காரரிடம் சொன்னதாகக்கூட ஞாபகம்.

திரும்பி வருவதற்காக வண்டியை மேட்டுப் பக்கம் வளைத்தார். அங்கே காய்ந்த மணல். முன் சக்கரம் சட்டென்று உள்ளே போய் வண்டி நின்றது. பட்டம் நிற்குமா? வாடைக்காற்று அவரை சீட்டிலிருந்து பிடுங்கித் தூக்கி, பத்துப் பதினைந்து அடி இழுத்துக்கொண்டு போய்த் தோள்பட்டை தரையில் மோதும்படி அடித்தது. கயிறு கையைவிட்டுப் போய், பட்டம் கடலில் விழுந்தது. இன்னும் நாலு அடி தள்ளிக் கல் கிடந்தது.

ஜீப்காரர் அவரை நோக்கி ஓடினார். நான் வண்டியை நோக்கி ஓடினேன். முன் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்திருந்தது. அதற்குப் பின்னால், நாலைந்து எட்டு வைக்கிற தூரத்துக்கு ஒரு பள்ளம், வர வர ஆழமாக. என் டயரின் பட்டன் அதில் அச்சுப் போட்டதுபோல் பதிந்திருந்தது. யார் பார்த்தாலும் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். வண்டியை வெளியே இழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, செருப்புக் காலால் அந்தத் தடத்தை மண் தள்ளி மூடினேன். எல்லாம் அரை நிமிடம்தான். அப்புறம்தான் அடிபட்ட மனுஷனிடம் போனேன்.

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். "கயித்த விட லேட்டாக்கிட்டேன்ணே. கை ஏமாத்திருச்சு" என்றார். நான் அவர் தலையைத் தடவிக்கொடுத்தேன். வேறென்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

காறை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டு, ஆறு வாரத்தில் கூடிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, போகட்டும் என்று நானும் கடையைத் திறந்தேன்.

நாலாம் நாள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அவருடைய மனைவி. மூன்று சக்கரங்களையும் இறக்கி வைத்தார்.

"யாருக்காச்சும் குடுத்துருங்கண்ணே. வீட்டுல கெடந்தா அவுக இதயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக."

எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அந்த அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. எலும்பு பிரச்சினை இல்லையாம். திரும்பி வேலைக்குப் போகப்போவதில்லை என்கிறாராம். "கிரேனுக்குக் கீழ நாலு பேரு நிக்கிற எடம்ணே, இந்தக் கைய நம்பி எப்படித் தூக்குறதுங்கிறாக. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுக் கையப் பாக்குறாக. பத்து வருஷமா ஒரு சின்னத் தப்பு இல்லாம ஓட்டுன மனுசன். லீவ நீட்டிக் கேட்டு எழுதச் சொன்னா, வேணாம் வேணாமுங்கிறாக." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "உங்களத்தான் நெனச்சு நெனச்சுச் சொல்றாக. புது டயரு, நல்ல டயரு, அந்த அண்ணன் பாத்துப் பாத்துப் போட்டுக் குடுத்தாருன்னு. அல்லா உங்கள நல்லா வைக்கட்டும்."

கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "சரியாப் போயிரும்மா" என்று முனகினேன். ஆட்டோ போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு ஸ்கூட்டருக்கு டியூப் மாற்றினேன், மாட்டும்போது இரண்டு தடவை அதைக் கிள்ளி ஓட்டை போட்டேன். கை வேலையில் இல்லை. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, மூன்று சக்கரத்தையும் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாசலில் மணல் பரப்பிய வீடு. கழுத்திலிருந்து துணித் தொட்டில் கட்டி, அதில் கையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப்காரர் காற்றைப் பிடுங்கியது, எனக்குத் தெரிந்தும் வாய் மூடி நின்றது, காலால் தடத்தை மூடியது எல்லாவற்றையும்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "தடம் எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார்.

கையைக் காட்டினேன். "இங்கன வரைஞ்சு காட்டுங்க" என்றார். வாசல் மணலில் குத்தவைத்து, நான் அழித்ததை நானே விரலால் திரும்பத் தோண்டினேன். எத்தனை எட்டுக்கு முன்னால் ஆழமாக ஆரம்பித்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, பின் சக்கரங்கள் எவ்வளவு இறங்கியிருந்தன என்று கேட்டுக்கொண்டே போனார். பரீட்சை எழுதுகிற மாதிரி பதில் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார். வலது கை மட்டும் காற்றில் கயிற்றைப் பிடித்து இழுத்து, விட்டது. இன்னொரு தடவை இழுத்து, விட்டது.

"சக்கரம் புதைஞ்சு வண்டி நின்ன பெறகுதான் பட்டம் என்னத் தூக்கியிருக்கு. நான் கரெக்டாத்தான் விட்டிருக்கேன்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "டயரு தப்பாப் போறது யாருக்கும் வரும்ணே. நீங்களும் நல்லதுக்குத்தான் சொன்னீக. தடத்த எதுக்கு அழிச்சீக?"

"காலையில அம்புட்டுச் சொல்லி அழுதேனே, அப்பவும் வாயத் தொறக்கலையேண்ணே" என்று அவர் மனைவியும் கேட்டார். விரலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். டீ ஆறிவிட்டது. அவர் கண்ணைக் காட்ட, அந்த அம்மா அதை எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

லீவை நீட்டிக் கேட்டு, எலும்பு கூடியதும் கிளம்பிப் போனார். அடுத்த லீவில் கடைக்கு வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பின்பக்கம் போய், குவியலில் ஒவ்வொரு டயராக அமுக்கிப் பார்த்து மூன்று மொட்டைகளை அவரே பொறுக்கிக்கொண்டார். நான் பேசாமல் மாட்டிக் கொடுத்தேன். காற்றையும் அவரே அடித்துக்கொண்டார். தனுஷ்கோடிக்கு என்னைக் கூப்பிடவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கடையில் நான் மாட்டுகிற டயர்களில் இன்றைக்கும் ஒன்றிரண்டு தப்பாகத்தான் போகின்றன, உடனே ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். நான் கொடுத்த டயரால் முறிந்த எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது; நான் காலால் மூடிய தடத்தால் ஒரு நல்ல வேலைக்காரர் நாலு நாள் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதுதான் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறவில்லை.