ஏழு அடுக்குக்கும் அடியில்

உழவர்கரையில் நான் நடத்தும் பிரவுசிங் கடைக்கு நெட் சரிசெய்ய வருபவர் அவர். பெயர் கேட்டதில்லை. வாய் நிறையப் புகையிலை. வயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்து, என் கடைத் தரையிலேயே துப்புவார்.

நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். நெட் போய்விட்டது. ஒரு பெண் அழுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எட்டாவதோடு நின்றவன் நான். எதையாவது தப்பாக அமுக்கிவிட்டேனோ என்று பயந்து அவரைக் கூப்பிட்டேன்.

"பயப்படாதீங்கண்ணே. நெட்டுன்னா ஏழு அடுக்கு. அடியில வயரு. ஏழாவதுலதான் நீங்க பாக்குற பக்கம். அடி செத்தா மேல ஆறும் செத்துடும்" என்றவர், போன மாதம் தானே மாட்டிய வயர் முனையைப் பிடுங்கினார். உள்ளே பச்சைக் களிம்பு. அதில் ஒட்டிக் காய்ந்த புகையிலைத் துணுக்கு.

"இது உங்க எச்சிதாங்க!"

"அதான் சொன்னேனே, அடியிலதான் கோளாறுன்னு." சிரித்தபடி புது வயரை வாயில் வைத்தார்.

"ஐயோ, கத்தரிக்கோல் தரேங்க!"

"பல்லு பழகிடுச்சுண்ணே."

நெட் பெட்டியில் விளக்கு எரிந்தது. அந்தப் பெண் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, அவருக்குக் கும்பிடு போட்டாள். நான் அவர் துப்பியதைத் துடைத்தேன். அடுத்த கடைசி நாளிலும் யாராவது என் கடையை நம்பி வருவார்கள். மேலே உள்ள ஆறு அடுக்கும் அவர் எச்சில்மேல்தானே நிற்கின்றன?